அம்மணி வயிற்றில் வெந்த மண்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். தோட்டத்துக்காரர், நிலமும் ஷெட்டும் அதற்குள் நின்ற நீராவி எஞ்சினும் அவருடையவை. இரண்டாவது ஆள், கோயமுத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினை ஓட்டுவது அவர்தான், அதனால் டிரைவர் என்றே சொல்லிவிடுகிறேன். சின்னதாக ஒரு பவுண்டரி நடத்திய பவுண்டரிக்காரர், தன் தங்கையைத் தோட்டத்துக்காரருக்குக் கட்டிக்கொடுத்தவர். வாரம் பூராவும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, ஞாயிறானால் எங்களிடம் வந்து டிக்கெட் கிழிக்கிற டீச்சரம்மா. அப்புறம் நான், எஞ்சினுக்குத் தீப்போடுகிறவன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அன்றைக்கு அங்கே இருந்ததாகப் பின்னால் இரண்டு மூன்று பேர் சொல்லித் திரிந்தார்கள். இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பவானியில் வெள்ளம் வந்து வடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஷெட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு வண்டல். மண் என்று சொன்னால் சரியாக இருக்காது. வெண்ணெய் மாதிரி வழவழவென்று, சாம்பல் நிறத்தில், கால் வைத்தால் உறிஞ்சி இழுக்கும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் தோள் உயரத்துக்கு இருந்தது. எஞ்சின் பாதிக்கு மேல் முங்கியிருக்கிறது. கோட்டுக்கு மேலே அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே காய்ந்து கிடந்தன. கோட்டுக்குக் கீழே எல்லாம் ஒரே நிறம்.

அந்த எஞ்சினை நாங்கள் அம்மணி என்போம். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலை ஒன்றுக்கு ஆற்றோரமாகக் கரும்பு ஏற்றிப் போன சின்ன ரயில் லைனில் ஓடியது அது. ஆலையை மூடி ஏலம் விட்டபோது தோட்டத்துக்காரரின் அப்பா எஞ்சினையும், இரண்டு பெட்டியையும், தன் நிலத்தில் கிடந்த தண்டவாளத்தையும் இரும்பு விலைக்கு எடுத்திருக்கிறார். எடுத்தவர் விற்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். சீமைக்கருவேல முள்ளுக்குள் கிடந்ததை, கிணற்று மோட்டார் பார்க்க வந்த டிரைவர் கண்டு, மோட்டாரை மறந்துவிட்டு அன்று பூராவும் முள் வெட்டினாராம். அப்படி ஆரம்பித்தது. யாருக்கும் சம்பளம் கிடையாது. டிக்கெட் இரண்டு ரூபாய். அதில் பாதி தோட்டத்துக்காரருக்கு, மீதி விறகுக்கும் எண்ணெய்க்கும். பொங்கல் நோம்பிக்கு மட்டும் சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் விருந்துக்கு வந்த ஒறம்பரையோடு வந்து குவிந்துவிடும். பெட்டி தாங்காது.

நான் வந்தது எப்படி என்றால், கரும்பாலையில் வெல்லக் கொப்பரைக்கு அடியில் சக்கை தள்ளித் தீ எரிக்கிற வேலை எனக்கு. அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் இங்கே கூப்பிட்டார்கள். படிப்பு ஏழாவதோடு நின்றுபோனது. பரீட்சைக்குப் போகிற வழியில் பேனாவில் மை இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்த்து, மை பூராவும் சட்டையில் கொட்டி, பாதி வழியிலேயே திரும்பி வந்தவன் நான். அப்புறம் போகவேயில்லை. என் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் இது சரியான பஸ்தானா என்று கண்டக்டரிடமும் கேட்பேன், பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்பேன்.

நான் அம்மணியில் ஏறின பிறகு இந்தச் சுபாவத்தை எல்லோரும் ஒரு கருவி மாதிரி பயன்படுத்திக்கொண்டார்கள். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். டிரைவர் அதைப் பார்ப்பார், அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். நான் எதையாவது முனகினால் இறங்கிப்போய்ச் சரிபார்த்துவிட்டு வருவார். நான் முனகாத நாளே கிடையாது என்பதால் தினமும் இறங்குவார். "கண்ணாடி பொய் சொன்னாலும் சொல்லுமுங்க, இவரு பயம் பொய் சொல்லாது" என்பார். "இவரு கவலைப்பட்டாத்தான் நாம நிம்மதியா இருக்க முடியும்" என்பார் டீச்சரம்மா. கேலிதான். ஆனாலும் அந்தக் கேலியில் எனக்கு ஒரு இடம் இருந்தது. எங்கும் இல்லாத இடம்.

வெள்ளம் வந்தபோது பாய்லர் திறந்து கிடந்தது. அதற்குக் காரணம் பூஜை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் பாய்லரைக் கழுவிவிடுவோம். கழுவுவதற்காக அடியிலும் பக்கவாட்டிலும் இருக்கிற பித்தளை மூடிகளைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, ஸ்பேனர் சுத்தியலோடு சேர்த்துச் சாமி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்து அடுக்குவோம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த வருஷம் மறுநாள் டிரைவருக்குத் தன் பட்டறையில் பூஜை, பவுண்டரிக்காரருக்கு அவர் பவுண்டரியில், எனக்கு ஆலையில். சரி, அடுத்த ஞாயிறு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறும் மழை. அப்புறம் தீபாவளி. மலையில் பெய்த பெய்யலுக்கு அணை நிரம்பி, தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று ஊரில் தண்டோரா போட்டபோது, எல்லோரும் மாட்டையும் மோட்டாரையும் மேட்டுக்கு ஏற்றப் போய்விட்டோம். மூடிகள் சாமி படத்தின் முன்னால் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. அவை அடைக்க வேண்டிய ஓட்டைகள் வழியாக ஆறு உள்ளே போனது.

என் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆலையில் கொப்பரை கொஞ்சம் நகர்ந்ததோடு சரி. அதனால் இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாள் நான் ஷெட்டுக்கு வந்து, அந்தச் சாம்பல் நிற மண்ணில் நின்று, எஞ்சினைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகை வரவில்லை, அது போகட்டும். பயம் வரவில்லை. பெட்டிக்குள் ஒற்றை ரப்பர் செருப்பும், பச்சைத் தேங்காய் நாலைந்தும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ அடித்த பத்திரிகைக் கட்டு ஒன்றும் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். லைனின் அந்தக் கோடியில், கரையையே ஆறு தின்றுவிட்டிருந்ததால், தண்டவாளம் தூணில்லாத பாலம் மாதிரி அந்தரத்தில் தொங்கியது. அதையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். கதவை ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேனாம். என் மனைவி வெகு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதுங்களா?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலை."

"அதானுங்க கேக்கறேன்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஞாயிறு வந்தோம். தோட்டத்துக்காரர்தான் வரச்சொல்லி ஆள் விட்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேறு படாத ஒரு கல்லாகப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சுங்களா? ஒரு சேதி சொல்லிப்போடறேன். மனசுல வெச்சுக்காதீங்க. தார் போட்ட வாழை பூராவும் போயிருச்சு, உங்களுக்கே தெரியும். தை முடியறதுக்குள்ள சொசைட்டி லோன் கட்டோணும். உக்கடத்துல பழைய இரும்பு யாவாரம் பண்ற பாய் ஒருத்தர் வந்து அம்மணியைப் பாத்துட்டுப் போனாருங்க. நாப்பத்தெட்டாயிரம் தாரேங்கறாரு."

அம்மணியின் பக்கம் பார்க்காமல் மேலே சொன்னார்.

"நோம்பிக்கு ஓட்டிப்போடுங்க. ஓடுச்சுன்னா அந்த டிக்கெட் பணம் பூராவும் எனக்குக் குடுங்க, வட்டியைக் கட்டிப்போட்டு, அசலுக்குத் தவணை கேட்டு நிக்கறேன். ஓடலீன்னா எனக்கு வேற வழி இல்லீங்க."

பவுண்டரிக்காரர் எகிறினார். "ஏன் மாப்ள, இத்தனை வருசம் பூ வெச்சுக் கும்பிட்டுப்போட்டு எடைக்குப் போடறேன்னு சொல்றீங்களே, என்ற தங்கச்சியைக் கட்டினவரு பேசற பேச்சுங்களா இது?"

"உங்க தங்கச்சிதானுங்க மச்சான் விக்கச் சொல்லுது."

டீச்சரம்மா சிரித்துவிட்டார். பவுண்டரிக்காரரும் சிரித்துவிட்டார். என்னத்தைச் செய்வது. தோட்டத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பொங்கலுக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் ஓடினால் அம்மணி. ஓடாவிட்டால் நாற்பத்தெட்டாயிரம்.

பாய்லர் ஓட்டைகளில் எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் வழிந்து நின்றுவிட்டிருந்தது. குச்சியை விட்டால் குழைவாக மண் ஒட்டிக்கொண்டு வந்தது. கழுவிவிடலாமா என்று கேட்டார் டீச்சரம்மா.

"மொதல்ல ஈரம் போகோணுங்க" என்றார் டிரைவர். வெள்ளத்துக்குப் பிறகு பட்டறையில் அவருக்குத் தூக்கமே கிடையாது. ஆற்றோரத்துக் கிணற்று மோட்டார் அத்தனையும் சேற்றோடு அவரிடம்தான் வந்து இறங்கியிருந்தன. எல்லாவற்றையும் ஓவனில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "எந்த மோட்டாரு நனைஞ்சாலும் சூடு குடுத்தாப் பொழைச்சுக்கும். காய்ஞ்சுதுன்னா மண்ணு தன்னால உதுந்துரும், காத்து அடிச்சு விட்டாப் போதும்."

"அதுஞ் சரிதான்" என்றார் பவுண்டரிக்காரர். "வார்ப்பு ஊத்தற எங்க அச்சு மண்ணும் அப்படித்தானுங்க. ஈரமா இருக்கற வரைக்கும் புடிச்சுட்டு நிக்கும். சூடு பட்டுதுன்னா ஒரே தட்டு, பொலபொலன்னு கொட்டிப்போகும். அதிசயமா இன்னிக்கு ஒருநா இவரு சொல்றது எனக்குப் புரியுது."

"உங்க வார்ப்பு பொலபொலன்னு கொட்டறதுதான் ஊருக்கே தெரியுமே."

"நீங்க காயில் கட்டின மோட்டாரைக் கெணத்துல எறக்கினா மீனெல்லாம் வெந்து மெதக்குதாமுல்ல, அது தெரியாதாக்கும்?"

இப்படிப் பேசிக்கொண்டே முடிவாகிவிட்டது. பாய்லருக்குள் மண் இருக்கும்போதே, தண்ணீர் ஊற்றாமல், அடுப்பில் சிறு தீயாகப் போட்டுக் காயவைப்பது. ஒருவர் மோட்டாரைக் கண்டவர், ஒருவர் அச்சு மண்ணைக் கண்டவர். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அப்போது டிரைவர் வழக்கம்போலத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பவுண்டரிக்காரரும் பார்த்தார்.

"என்னுங்க, பயமா இருக்குதுங்களா?"

நான் எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன். பயம் எப்போதும் இருக்கிற இடத்தில், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், ஒன்றும் இல்லை.

"இல்லீங்க" என்றேன்.

"அட, அப்பறம் என்னுங்க! இவரே சொல்லிட்டாரு" என்று டிரைவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

கரும்புச் சக்கையும் தேங்காய் மட்டையும் போட்டு, வெல்லம் பதம் வருகிற கடைசி நேரத்துக்கு எரிப்போமே, அப்படி அடக்கித் தீ வைத்தேன். ஓட்டைகள் வழியாக ஆவி வந்தது. முதலில் மெலிசாக, அப்புறம் புகை மாதிரி. டிரைவருக்கு முகம் பூராவும் சந்தோஷம். "ஈரம் போகுது பாருங்க, ஈரம் போகுது பாருங்க." டீச்சரம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, மழை பெய்த மாதிரி வாசனை வருகிறது என்றார். அப்புறம், "ரயில் ஓட்டறீங்களா, சூளை போடறீங்களா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம். மறுநாளும் எரித்தேன். ஆவி நின்றதும் தீயை வாரிவிட்டு ஆற விட்டோம்.

ஆறின பிறகு பவுண்டரிக்காரர் சுத்தியலால் பாய்லரைத் தட்டினார். வெறும் பாய்லர் மணி மாதிரி பேச வேண்டும். இது தொம் என்றது. இன்னொரு இடம், தொம். ஒன்றும் உதிரவில்லை. ஓட்டைக்குள் கம்பியை விட்டேன். ஒரு சாண் போய் டக்கென்று நின்றது. இழுத்துப் பார்த்தால் கம்பி நுனியில் சிவப்பாகப் பொடி.

பவுண்டரிக்காரர் அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். நாக்கில் வைத்தும் பார்த்தார். அப்புறம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெந்துபோச்சுங்க. இது அச்சு மண்ணு இல்லீங்க, களிமண்ணு. செங்கல்லு ஆயிப்போச்சு."

பாய்லர் என்பது பெரிய பீப்பாய். அதற்குள் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கட்டுக் கட்டாகக் குழாய்கள். குழாய்க்குள் நெருப்பும் புகையும் போகும், குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் நிற்கிற இடத்தில், கீழ்வரிசைக் குழாய்களுக்கு நடுவில், ஆற்று வண்டல் இறுகிச் செங்கல்லாகிக் கிடந்தது. ஈரமாக இருந்தபோதே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்திருந்தால் ஒரு பகலில் ஓடி வந்திருக்கும். இதை அப்புறம் எல்லோரும்தான் சொன்னார்கள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் ஒருநாள், கேலி இல்லாமல், மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, நெசமாலுமே அன்னிக்குப் பயம் வரலீங்களா?"

"வரலீங்க."

"ஆச்சரியமா இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான்.

தண்ணீர் ஊற்றி ஊறவைத்தோம். அடுப்புக்குத் தள்ளி இருந்தது கொஞ்சம் இளகியது. அடுப்புப் பக்கம் இருந்தது அசையவில்லை. குழாய்களைக் கழற்றாமல் வழியில்லை என்றாகி, ஒவ்வொன்றாக அறுத்து இழுத்தோம். அறுத்தது மறுபடி உதவாது. மார்கழி பூராவும் அதுதான் வேலை. ஆலையில் கொப்பரை இறக்கியதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். சம்மட்டி, உளி. செங்கல் துண்டு துண்டாக வரும். கையில் கொப்புளம் வந்து உடைந்தது, அதுவும் வலித்ததாக ஞாபகம் இல்லை. பொங்கல் வருகிறதே, ஓடாதே, விற்றுவிடுவார்களே என்று வேறு யாராவது என் காதில் சொன்னால், ஆமாம் என்று கேட்டுக்கொள்வேன். யாரோ தூரத்து ஊரில் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது.

நோம்பியன்று சனம் வந்தது. ஓடாது என்று சொல்லி அனுப்பியும் வந்தது. அறுத்த குழாய்களை ஷெட்டு வாசலில் பொங்கல் கரும்பு மாதிரி சாய்த்து வைத்திருந்தோம். "ஓடாதுங்களா? எங்க மருமகனைக் கூட்டியாந்தனுங்க, ரயிலு ரயிலுன்னு சொல்லி" என்று ஒரு அம்மாள் டீச்சரம்மாவிடம் சண்டைக்கே போனார். கடைசியில் பெட்டி ஒன்றைக் கழுவி, பத்துப் பேர் பின்னால் நின்று, மிச்சமிருந்த லைனில் கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம். அந்த மருமகன் உள்ளே உட்கார்ந்து வெட்கப்பட்டுக்கொண்டே போனார். தள்ளினவர்களில் ஒரு தோள் தோட்டத்துக்காரருடையது. நல்ல நாளும் அதுவுமாக வெள்ளை வேட்டியில் சேறு. டீச்சரம்மா யாரிடமும் டிக்கெட் கிழிக்கவில்லை. நின்றுபோன பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு தோட்டத்துக்காரர் எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாளன்னிக்குப் பாய் வந்து பணம் குடுத்துருவாருங்க."

பணம் வந்தது. வந்த அன்றே சொசைட்டிக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் லாரி வந்தது, இரும்பை அறுக்கிற கேஸ் கட்டரோடு.

அன்றைக்குத் தோட்டத்துக்காரர் ஊரில் இல்லை. மாடு பார்க்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். பக்கத்தில் புளியம்பட்டியில் சந்தை இருக்கும்போது மாட்டுக்குப் பொள்ளாச்சி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டீச்சரம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். டிரைவரும் பவுண்டரிக்காரரும் வந்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்து நின்றார்கள்.

பாய் வயதானவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, அந்தச் சட்டையில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. எஞ்சினைச் சுற்றி வந்தார். நெற்றியிலிருந்த பழைய சந்தனத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கைத்தடியால் பாய்லரைத் தட்டினார். தொம்.

"உள்ள என்னங்க இருக்குது?"

ஷெட்டு மூலையில் குவிந்திருந்த செங்கல் துண்டுகளைக் காட்டினோம். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாருங்க சுட்டது இதை?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "எல்லாரும்தானுங்க" என்றார் டீச்சரம்மா.

"நல்ல பதம்" என்றார் பாய். சிரிக்கவில்லை. "நான் காசு குடுத்தது இரும்புக்குங்க. இப்ப இதைத் தூக்கி எடைமேடையில வெச்சா பாதி மண்ணு நிக்கும். இப்படியே உருக்கறவங்ககிட்டக் கொண்டுபோனா என்னையத் திருடன்னு சொல்லுவாங்க. மண்ணை எடுக்கக் கூலி போட்டா எனக்கு ஒரு பைசா மிஞ்சாது. ஒண்ணு செய்யுங்க. நீங்க ஆரம்பிச்சதை நீங்களே முடிங்க. மண்ணு பூராவும் எடுத்துப்போட்டுச் சொல்லி அனுப்புங்க. அப்ப வாரேன்."

"மண்ணு பூராவும் எடுத்துட்டா வண்டி ஓடுமே பாய்" என்றார் டீச்சரம்மா.

பாய் அவரைப் பார்த்தார். கட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். வந்த லாரி வாடகையைத்தான் மனசில் போட்டுப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"ஓடும்னா நீங்களே வெச்சுக்குங்க. என்ற பணத்தைக் குடுத்துருங்க."

அப்புறம் நடந்தது வியாபாரம். ஆற்றில் முறுக்கிக்கொண்டு கிடந்த தண்டவாளங்களை இழுத்து எடை போட்டு அதற்கு ஒரு தொகை கழித்தார். அவர் கிடங்கில் பழைய மில் பாய்லர் ஒன்றைப் பிரித்த குழாய்கள் கிடந்தன. அளவு ஒத்துவரும் என்று டிரைவர் சொன்னதும், அதற்கு ஒரு தொகை ஏற்றினார். டீச்சரம்மா பி.எஃப். பணத்தில் லோன் போட்டார். பவுண்டரிக்காரரும் டிரைவரும் அவரவரால் ஆனது. நான் ஆலையில் முன்பணம் வாங்கினேன். எல்லாம் போகப் பதினாலாயிரம் நின்றது. ஆளுக்கு ஐம்பது போட்டு மாதம் இருநூறு தருவதாகப் பேச்சு.

எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம் என்றார் டீச்சரம்மா. "எழுத்தெல்லாம் வேண்டாங்க. மாசா மாசம் ஒருத்தர் கொண்டாந்து என் கையில குடுக்கோணும். அதும் ஒரே ஆளு" என்ற பாய், கைத்தடியை என் பக்கம் நீட்டினார். "இவரு வரட்டும்."

"ஏனுங்க இவரை?" என்றார் பவுண்டரிக்காரர்.

"நீங்க மூணு பேரும் பேசறீங்க. இவரு வந்ததுல இருந்து வாயே தொறக்கலை."

லாரி காலியாகத் திரும்பிப் போனது. டிரைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். அம்மணி பிழைத்துவிட்டாள் என்றார்கள். எனக்குத் தெரிந்தது. அறிவுக்குத் தெரிந்தது. கை குலுக்குகிறவரின் கை சூடாக இருந்தது, அதுவும் தெரிந்தது.

அடுத்த மாதம் முதல் தவணையோடு சத்தியமங்கலத்தில் பஸ் ஏறினேன். இருநூறு ரூபாயை நாலாக மடித்துச் சட்டை உள்பையில் வைத்திருந்தேன். அன்னூர் தாண்டும்போது கை தானாகப் பைக்குப் போனது. இருக்கிறது. கோவில்பாளையம் வருவதற்குள் மறுபடியும் போனது. பணம் இருக்கிறது, சரி. பாய் கடையில் இல்லாவிட்டால்? வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவர் இல்லை என்றுவிட்டால்? அடுத்த மாதம் டீச்சரம்மாவை மாற்றல் செய்துவிட்டால்? காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது, இது உக்கடம் போகிற பஸ்தானா என்று கண்டக்டரைக் கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்டேன். வெகு நேரம் மடக்கி உட்கார்ந்த காலை நீட்டினால் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்குமே, நெஞ்சுக்குக் கீழே அப்படி இருந்தது. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டி மூன்று தடவை இழுத்தேன். உள்ளிருந்து என் மனைவி, "வந்துருச்சுங்களா?" என்றாள்.

குழாய் மாட்டி, பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இன்னொரு குறை சொல்லி, அதையும் சரிசெய்து சர்டிபிகேட் வாங்க இன்னொரு பொங்கல் கடந்துபோனது. அதற்கடுத்த நோம்பிக்குத்தான் அம்மணி ஓடினாள். ஆறு விட்டுவைத்த அரைக் கிலோமீட்டர் லைனில்தான், அதுவும் போய்விட்டுப் பின்னாலேயே திரும்ப வேண்டும். ஆயுத பூஜைக்கு இப்போது மூடிகளைக் கழற்றுவதில்லை. மூடியபடியே அதன்மேல் பொட்டு வைக்கிறோம். நோம்பியன்று கிளம்புகிற நேரத்தில் டிரைவர் கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, திரும்பி என் முகத்தைப் பார்த்தார். டீச்சரம்மாவும் பவுண்டரிக்காரரும் பார்த்தார்கள்.

"பிரேக்கை இன்னொருக்காப் பாத்துருங்க" என்றேன்.

மூன்று பேரும் ஓவென்று சிரித்தார்கள். டிரைவர் இறங்கிப்போய்ப் பிரேக்கைப் பார்த்தார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

விசில் ஊதி வண்டி நகர்ந்தபோது சனம் கத்தியது. டீச்சரம்மா அழுதார். தோட்டத்துக்காரர் வரப்பில், புது வாழைக்கன்றுகளுக்கு நடுவில் நின்று, துண்டை எடுத்து ஆட்டினார். நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. முன்பு இருந்த மாதிரி முழுசாக எதுவும் இன்னும் வரவில்லை. வருகிறதெல்லாம் மாத ஆரம்பத்தில், பஸ்ஸில், அன்னூருக்குப் பக்கத்தில்.

டீச்சரம்மாவுக்கு நான் பயந்தபடியே தாராபுரம் பக்கம் மாற்றல் ஆகிவிட்டது. அவர் பங்கு மணியார்டரில் வருகிறது. பவுண்டரிக்காரர் சில மாதம் தவறுகிறார். அந்த மாதம் குறைவாகக் கொண்டுபோகிறேன், பாய் ஒன்றும் சொல்வதில்லை. பணத்தை எண்ணாமல் மேசை டிராயரில் போட்டுவிட்டு, "அம்மணி எப்படி இருக்குதுங்க தம்பி?" என்று கேட்பார். ஓடுதுங்க என்பேன். பாக்கி எவ்வளவு என்று அவர் சொல்வார், நானும் சொல்வேன். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எனக்குப் படியிறங்க முடியும். போன மாதம் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது: ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.